புரூணையின் செல்வம் எந்த அட்டைக்காரருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழில் புரூணை பற்றி வெளியான அறிமுகக் கட்டுரையின் தரவுகள் பெரும்பாலும் சரியானவை. தனிநபர் வருமான வரி இல்லை, படிப்பு இலவசம், ஒரு புரூணை டொலரில் வைத்தியம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை யாருக்குக் கிடைக்கின்றன என்ற ஒரு வரி அதில் இல்லை. "எண்ணெய்க் கம்பனியில் வேலை, வரியே இல்லாத நாடு" என்று மின்கம்பங்களில் ஒட்டும் துண்டுப்பிரசுரங்களும் வட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களும் இதே பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. அதைப் பத்திரிகையும் சொன்னால், காணியை ஈடு வைக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவரின் கடைசித் தயக்கமும் போய்விடும். ஆகவே விடுபட்டவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடம். எண்ணெய், சுல்தான், இஸ்லாம் என்றவுடன் நம்மவர் பலர் புரூணையை வளைகுடாவில் தேடுகிறார்கள். அது போர்ணியோத் தீவின் வடகரையில், மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்குள் செருகியிருக்கும் மழைநாடு. ஆண்டு மழைவீழ்ச்சி யாழ்ப்பாணத்தின் இரு மடங்குக்கு மேல். நிலத்தில் பத்தில் ஏழு பங்கு காடு. பரப்பு 5,765 சதுர கிலோமீற்றர், அதாவது நமது வடமாகாணத்தின் மூன்றில் இரண்டு பங்களவு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி மக்கள் 4 இலட்சத்து 40 ஆயிரம் பேர். 2012 கணக்கில் யாழ் மாவட்டத்தில் மட்டும் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர் இருந்தோம். மொழி மலாய். நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. வாகனம் நம்மைப் போல இடப்பக்கம்.

வரைபடத்தில் நாடு இரண்டு துண்டாகக் கிடக்கும். காரணம் பழையது. ஒருகாலத்தில் போர்ணியோவின் வடகரையில் பெரும்பகுதி புரூணை சுல்தான்களின் கையில் இருந்தது. 1841 இல் சரவாக் ஜேம்ஸ் புறூக் என்ற ஆங்கிலேயரிடம் போனது. 1846 இல் லபுவான் தீவு பிரித்தானியாவிடம் போனது. 1888 இல் மிஞ்சிய நாடே பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து சார்ள்ஸ் புறூக் லிம்பாங் ஆற்றுப் பகுதியையும் எடுத்துக்கொண்டார். அந்த லிம்பாங்தான் இன்றும் நடுவில் நிற்கிறது. தலைநகரான பண்டார் செரி பெகாவானிலிருந்து சொந்த நாட்டின் கிழக்கு மாவட்டமான தெம்புரோங்குக்குத் தரைவழியே போவதென்றால், மலேசியாவுக்குள் புகுந்து வெளியேறி, கடவுச்சீட்டில் முத்திரை மேல் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் குடாவுக்கு மேலாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

எண்ணெய் 1929 இல் செரியாவில், கடற்கரையோரச் சதுப்பு நிலத்தில் கிடைத்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இறங்கியது. 1945 இல் பின்வாங்கும்போது கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. 1963 இல் கடலுக்குள் தென்மேற்கு அம்பா வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு உற்பத்தியின் பெரும்பங்கு கடல் மேடைகளிலிருந்தே வருகிறது. செரியாவின் தரைக்கிணறுகளும் ஓயவில்லை. 1991 இல் அங்கே நூறு கோடியாவது பீப்பாய் எடுத்ததற்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

எண்ணெயைவிட எரிவாயுவைப் பற்றித்தான் தங்கள் கட்டுரை குறைவாகச் சொன்னது. புரூணையின் வருமானத்தை நிலைநிறுத்தியது அதுவே. லூமுட்டில் உள்ள ஆலையில் வாயுவை மறை 162 பாகை செல்சியஸ் வரை குளிர வைத்தால் அது திரவமாகி, கனவளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போதுதான் கப்பலில் ஏற்ற முடியும். 1972 இல் முதற் கப்பல் ஜப்பானுக்குப் போனது. இத்தகைய ஆலைக்கு ஆகும் முதலீடு பெரிது என்பதால் இருபது ஆண்டு ஒப்பந்தம் கையில் இல்லாமல் யாரும் கட்டமாட்டார்கள். ஜப்பானிய மின், வாயுக் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தன. ஆலையின் பங்கில் பாதி அரசிடம். மீதி ஷெல்லிடமும் மிட்சுபிஷியிடமும். எண்ணெய் எடுக்கும் புரூணை ஷெல் கம்பனியும் பாதிக்குப் பாதி அரசு.

எண்ணெய் உற்பத்தி 1979 இல் உச்சத்தைத் தொட்டது. இன்று அதில் பாதிகூட இல்லை. வயல்கள் கிழடாகின்றன, எண்ணெயோடு தண்ணீர் அதிகம் வருகிறது, மேடைகளைத் திருத்துவதற்காக அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறது. 2019 இல் முவாரா பெசார் தீவில் சீனக் கம்பனியோடு கூட்டாகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதற்கு உள்ளூர் எண்ணெய் போதாது. எண்ணெய் நாடு என்று நாம் சொல்லும் புரூணை இப்போது சுத்திகரிக்காத மசகு எண்ணெயை இறக்குமதியும் செய்கிறது.

இனி, அந்தக் காசு எந்த வழியால் மக்களுக்கு வருகிறது என்பது. எண்ணெய் வருமானம் அரசுக்குப் போகிறது; அரசு அதைச் சம்பளமாகவும் மானியமாகவும் தன் குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. குடிமக்களில் பெரும்பகுதியினர் தேடுவது அரச உத்தியோகம். அறுபது வயதைக் கடந்தால் மாதம் 250 டொலர் முதியோர் கொடுப்பனவு. வீடில்லாதோருக்கு அரச வீட்டுத்திட்டம், நீண்ட காலத் தவணையில். பெற்றோல் லீற்றர் 53 சதம், டீசல் 31 சதம். பெற்றோல் மானியம் எல்லை தாண்டி ஒழுகாதபடி, வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்குத் தனி விலை. அரிசிக்கும் மானியம் உண்டு, ஆனால் அந்த அரிசியில் பெரும்பங்கு தாய்லாந்திலிருந்து வருகிறது.

அங்கே ஒருவர் யார் என்பதை அடையாள அட்டையின் நிறமே சொல்லிவிடும். குடிமகனுக்கு மஞ்சள், வேலை விசாவில் வந்தவருக்குப் பச்சை, நிரந்தர வதிவாளருக்கு வேறு நிறம். ஒரு டொலர் வைத்தியமும் இலவசப் படிப்பும் முதியோர் காசும் வீட்டுத்திட்டமும் பச்சை அட்டைக்கு இல்லை. பச்சை என்றாவது மஞ்சளாகும் என்றும் எண்ண வேண்டாம். 1961 குடியுரிமைச் சட்டம் பல பத்தாண்டு வதிவையும் மலாய் மொழிப் பரீட்சையையும் கேட்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த சீனர்களில் ஒரு பகுதியினர் இன்றும் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லாதவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவரைச் சொல்ல வேண்டியதில்லை.

"வரி இல்லை" என்ற கவர்ச்சியையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து இலங்கையிலும் மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய் வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. சாதாரணத் தொழிலாளியாக அங்கு போகிறவரின் அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டுவதே இல்லை. இங்கும் கட்டாத வரி ஒன்று அங்கும் இல்லை என்பதற்காக முகவருக்கு எட்டு இலட்சம் ரூபாய் கொடுக்கலாமா?

புரூணை டொலர் சிங்கப்பூர் டொலருக்குச் சமம். 1967 உடன்படிக்கைப்படி இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாறும். நம்மூர் வங்கிப் பலகையில் புரூணை டொலர் இருக்காது. சிங்கப்பூர் டொலரின் விலையைப் பார்த்தால் போதும். முகவர் சிலர் "டொலர்" என்று மட்டும் சொல்லி அமெரிக்க டொலராக நினைக்க விடுகிறார்கள். ஒப்பந்தத்தில் நாட்டின் பெயரோடு நாணயம் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். புரூணையில் 2023 ஜூலையில்தான் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. மாதம் 500 டொலர், மணிக்கு 2 டொலர் 62 சதம். முதலில் வங்கி, நிதி, தகவல் தொழில்நுட்பத் துறைகளுக்கு மட்டும். பிறகு கட்டம் கட்டமாக விரிகிறது. அந்த 500 ஐயே எடுத்துக்கொள்வோம். டொலர் 230 ரூபாய் என்று வைத்தால் 1,15,000 ரூபாய். சாப்பாடு கம்பனி தராவிட்டால் சிக்கனமாகச் சமைத்தாலும் 150 டொலர் போய்விடும் என்று வையுங்கள். மிச்சம் 80,500 ரூபாய். முகவருக்குக் கொடுத்த எட்டு இலட்சம் நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கியது என்றால், வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாமல் முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அடைபடப் பதினொரு மாதத்துக்கு மேல் எடுக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது.

இதைவிட மோசமான ஓட்டை மேலதிக நேரத்தில் இருக்கிறது. அங்குள்ள 2009 வேலைவாய்ப்புக் கட்டளைப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 44 மணித்தியாலம். அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒருநாள் ஓய்வு. நாளுக்கு 10 மணித்தியாலம் வீதம் ஆறு நாள் வேலை என்றால் வாரம் 60. பதினாறு மணித்தியாலம் மேலதிகம். மாதத்துக்கு ஏறத்தாழ 69. மணிக்கு 3 டொலர் 93 சதம் வீதம் 270 டொலரைத் தாண்டும். "மாதம் 500 டொலர், எல்லாம் அடங்கலாக, 10 மணித்தியால வேலை" என்று எழுதிய தாளில் கையெழுத்து வைக்கிறவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு தொகையை முதல் நாளே விட்டுக்கொடுக்கிறார். அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், மேலதிகக் கூலி மூன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும்.

"எண்ணெய்க் கம்பனி வேலை" என்பதையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். கம்பனி நேரே எடுப்பது கொஞ்சப் பேரை. கருவிகளைப் பொருத்துவதும் திருத்துவதும் ஒப்பந்தக்காரக் கம்பனிகள். அங்கே வெல்டராகப் போக நமது என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கதவைத் தட்டத்தான் உதவும், திறக்காது. கேட்பது சிக்ஸ் ஜி சோதனை. 45 பாகை சரிவில் அசையாமல் பொருத்திய குழாயை, குழாயைத் திருப்பாமல், தான் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். ஒரே மூட்டில் தலைக்கு மேல் ஒட்டு, நிமிர்ந்த ஒட்டு, குனிந்து போடும் ஒட்டு எல்லாம் வந்துவிடும். வழக்கமாக அடிப்பூச்சு, ஆர்கன் வாயு சூழ ஒட்டும் டிக் முறையில்; மேற்பூச்சுகள் 7018 என்ற, ஈரம் ஆகாத வகை வெல்டிங் றொட்டில். பிறகு ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நம் பொடியன்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, குழாயின் உட்பக்கம் வரை உலோகம் உருகி ஊடுருவாமல் கோடு விழுவது. இரு குழாய்க்கும் இடையே விடும் இடைவெளி சீராக இல்லாவிட்டால் இது நடக்கும். மற்றது, ஊசித்துளை. காற்று ஆர்கன் வாயுவைக் கலைத்தால் அடிப்பூச்சில் துளை விழும். றொட் ஈரம் குடித்திருந்தால் மேற்பூச்சில் விழும். 7018 பெட்டியை உடைத்தால் றொட்டுகளை 120 பாகை அளவில் சூடான அடுப்புப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஈரம் பட்டவற்றை 300 பாகைக்கு மேல் திரும்பச் சுட வேண்டும். இல்லாவிட்டால் துளை மட்டுமல்ல, ஒட்டு ஆறிய பிறகு கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் வரும். கேற் ஒட்டும் பட்டறையில் சாதாரண 6013 றொட்டைத் திறந்த பெட்டியிலிருந்து எடுத்துப் பழகிய கைக்கு இந்த ஒழுங்கு தெரிய வாய்ப்பில்லை. முகவருக்கு முற்பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனைக்குத் தயாராவதில் அந்தக் காசின் சிறு பங்கைப் போட்டால் போதும். கடல்மேடை வேலைக்கு இதோடு, கவிழ்ந்த ஹெலிகொப்டரிலிருந்து தண்ணீருக்குள் வெளியேறும் பயிற்சியும் உடற்தகுதிச் சான்றும் கேட்பார்கள். "அனுபவம் தேவையில்லை, கடல்மேடை வேலை" என்ற விளம்பரம் பொய் என்று அதிலேயே தெரியும்.

பத்திரங்கள் வரும் ஒழுங்கு முக்கியம். முதலில் அங்குள்ள முதலாளி தொழில் திணைக்களத்திடம் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி பெற வேண்டும். அதன் பேரில் குடிவரவுத் திணைக்களம் வேலை விசா கொடுக்கும். அதற்குப் பிறகுதான் பயணம். அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் உரியது. உணவகத்துக்கு என்று போனவர் கட்டுமானத்தில் நின்றால் குற்றம். "இப்போது விசிட்டில் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம்" என்பதும், "மலேசியாவுக்குப் போய், சரவாக்கின் மீரி நகரிலிருந்து எல்லையைக் கடக்கலாம்" என்பதும் ஒரே வலையின் இரு நுனிகள். விசா முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கினால் சிறையோடு பிரம்படியும் சட்டத்தில் இருக்கிறது; அதைக் கொடுக்கவும் செய்கிறார்கள். கடவுச்சீட்டை "பாதுகாப்புக்கு" என்று முதலாளியிடம் கொடுக்க வேண்டாம். பிரதி கொடுத்தால் போதும்.

இங்கே செய்ய வேண்டியது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு. முகவரின் உரிம இலக்கத்தையும், குறித்த வேலைக்குப் பணியகம் அனுமதி தந்திருக்கிறதா என்பதையும் 1989 இலக்கத்துக்கு அழைத்தே கேட்கலாம். உரிமம் உள்ள முகவரிடம்கூட அந்த வேலைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்பதால் இரண்டையும் கேட்க வேண்டும். பிரதேச செயலகங்களில் இதற்கென்றே உத்தியோகத்தர் இருக்கிறார். ஒப்பந்தத்தை அவரிடம் காட்டிக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

வாழ்க்கை முறை பற்றிச் சுருக்கமாக. நாட்டில் 1991 இலிருந்து மதுபான விற்பனை இல்லை. முஸ்லிம் அல்லாதவர் எல்லையில் அறிவித்து வரையறுத்த அளவு கொண்டுவந்து வீட்டுக்குள் அருந்தலாம். வெள்ளி நண்பகல் 12 முதல் 2 மணி வரை கடைகள் பூட்டு. அரச அலுவலகங்களுக்கு விடுமுறை வெள்ளியும் ஞாயிறும், சனி வேலைநாள். நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது முஸ்லிம் அல்லாதவருக்கும் குற்றம். கடையில் பொதி கட்டி அறைக்கு எடுத்துப் போகலாம். 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஷரியா தண்டனைக் கோவையின் மரண தண்டனைகளை அடுத்த மாதமே சுல்தான் நிறுத்தி வைத்ததாக அறிவித்தார். ஆனால் சட்டம் சட்டமாகவே இருக்கிறது. வீட்டில் சுவாமிப்படம் வைத்துக் கும்பிடுவதற்குத் தடையில்லை. ஊரில் போலத் தேர், காவடி எதிர்பார்க்க வேண்டாம். பேருந்து குறைவு, இரவில் இல்லையென்றே சொல்லலாம். ஆளுக்கொரு கார் ஓடும் நாட்டில் கார் இல்லாதவர் தங்குமிடத்திலேயே அடைபடுவார். தங்குமிடத்துக்கும் வேலைக்கும் இடையே வாகனம் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

அரசியல் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிதான். 1962 இல் சட்டசபைத் தேர்தல் நடந்தது, புரூணை மக்கள் கட்சி வென்றது, டிசம்பரில் கிளர்ச்சி வெடித்தது, சிங்கப்பூரிலிருந்து வந்த கூர்க்காப் படை அதை அடக்கியது. அன்று பிறப்பித்த அவசரகால நிலை இன்றும் நீடிக்கிறது. 1963 இல் மலேசியாவோடு சேரவில்லை. 1984 ஜனவரி 1 இல் சுதந்திரம். 1967 இல் பதவியேற்ற சுல்தான் ஹசனல் போல்கியாவே பிரதமரும். வேலைக்குப் போகிறவருக்கு இதன் பொருள் எளிது: தொழிற்சங்கம், ஆர்ப்பாட்டம், முகநூலில் ஆட்சியை விமர்சிப்பது எதுவும் வழியல்ல. சம்பளம் வராவிட்டால் போக வேண்டிய இடம் தொழில் திணைக்களம். கையில் ஒப்பந்தமும் வேலை நேரக் குறிப்பும் இருந்தால்தான் அங்கே பேச்சு.

எண்ணெய் விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 1998 இல் ஆசிய நிதி நெருக்கடியோடு, சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரியின் அமெடியோ கம்பனியும் சரிந்தபோது கட்டிட வேலைகள் பாதியில் நின்றன. முதலில் ஊருக்குத் திரும்பியவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஒப்பந்தம் இடையில் முறிந்தால் திரும்பும் பயணச்சீட்டு யார் செலவு என்ற வரியை அதனால்தான் முதலில் தேடிப் படிக்கச் சொல்கிறோம்.

கடைசியாக, தங்கள் கட்டுரையோடு வந்த படத்தின் கீழ்க் குறிப்பில் ஒரு திருத்தம். குளத்தில் கற்படகு தெரிய நிற்கும் அந்தத் தங்கக் குவிமாடம் சுல்தானின் அரண்மனை அல்ல. 1958 இல் கட்டிய ஓமார் அலி சைபுதீன் பள்ளிவாசல். அரண்மனையான இஸ்தானா நூருல் இமான் 1,788 அறைகள் கொண்டது. ஆண்டு முழுவதும் பூட்டியிருக்கும். நோன்புப் பெருநாளை ஒட்டி மூன்று நாள் மட்டும் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். அந்த வரிசையில் யாரும் நிற்கலாம், பச்சை அட்டைக்காரர் உட்பட, சாப்பாடும் உண்டு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கொக்குவில்.